ஊசி போட்டும் குட்டி ஏன் செத்தது?

கேள்வி: தோட்டக் காவலுக்கு ராஜபாளையம் நாய் வளர்க்கிறோம். போன ஈற்றில் ஆறு குட்டிகள். 45-ம் நாள் தடுப்பூசி போட்டோம். இருந்தும் மூன்றாம் மாதத்தில் ரத்தக் கழிச்சல் கண்டு நான்கு இறந்துவிட்டன. இப்போது மறுபடி ஈன்றிருக்கிறது. ஊசி போடுவது வீண் செலவுதானா?
– வாசகர், திருவண்ணாமலை, ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம்.

பதில்: வீண் இல்லை. ஒரே ஊசியோடு நிறுத்தியதுதான் காரணமாக இருக்கும். நீங்கள் எழுதியிருப்பது பெரும்பாலும் பார்வோ வைரஸ் நோய். 1978 வாக்கில் உலகெங்கும் பரவியது. சோர்வு, வாந்தி, பிறகு நாற்றமெடுக்கும் ரத்தக் கழிச்சல். நீர்ச்சத்து வற்றி இரண்டு மூன்று நாளில் குட்டி போய்விடும்.

தாயின் சீம்பாலில் கிடைக்கும் எதிர்ப்புச் சக்தி குட்டியைச் சில வாரங்கள் காக்கிறது. அதே சக்தி ஊசி மருந்தையும் முறித்துவிடும். ஒரு குட்டிக்கு அது ஆறாவது வாரத்திலேயே குறையும், கூடப் பிறந்ததற்குப் பன்னிரண்டு வாரம் தாண்டியும் இருக்கும். பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் 6–8 வாரத்தில் தொடங்கி, 3–4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும் வரை போடச் சொல்கிறார்கள். பிறகு ஓராண்டில் ஒன்று. வெறிநோய் ஊசி தனி; மூன்று மாத வயதில் போட வேண்டும். நான் பயிர்க்காரன், உங்கள் குட்டிகளுக்கான தேதிகளைக் கால்நடை மருத்துவரிடம் குறித்து வாங்குங்கள்.

இன்னொன்று. இது உயிருள்ள மருந்து. 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். ராஜபாளையத்தில் வாங்கிச் சட்டைப் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தால், போடுவது வெறும் தண்ணீர்தான். ஐஸ் வைத்த பிளாஸ்க் கொண்டுபோங்கள்.

பழைய இடத்து மண்ணில் இக்கிருமி பல மாதம் உயிரோடிருக்கும். பினாயிலை நம்பாதீர்கள். சிமெண்ட் தரையைக் கழுவிவிட்டு, திரவ பிளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். மண் தரையை அப்படிச் சுத்தம் செய்ய முடியாது. இந்த ஈற்றுக் குட்டிகளை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். ஆடு, கோழி, மனிதருக்கு இது தொற்றாது. ஆனால் உங்கள் செருப்பில் ஏறி வரும். குட்டி பார்க்க வருகிறவர்கள் செருப்பிலும்தான்.

2005-ல் தபால்தலையில் இடம்பெற்ற இனம் இது. வெள்ளைக் குட்டிக்கு நல்ல விலை என்று ஒரு மாதத்திலேயே விற்றுவிடுகிறார்கள். இரண்டு மாதமாவது தாயிடம் விட்டு, முதல் ஊசி போட்ட தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்து விற்பதே முறை. மீதி ஊசிகள் வாங்குகிறவர் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.