வயிற்றுக்குள்ளே கிளிப்!

பித்தப்பையில் கல் என்றால் முன்பெல்லாம் வயிற்றை நீளமாகக் கிழிப்பார்கள். 1985-ல் ஜெர்மன் டாக்டர் எரிக் மூஹே சிறு துளை வழியாகவே பையை எடுத்துக் காட்டினார். 1990-ல் பம்பாயில் டாக்டர் உத்வாடியா அதைச் செய்தார். இன்று வத்தலக்குண்டுக்காரர்கள் மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ போய் ஆபரேஷன் செய்துகொண்டு, சில நாளில் பஸ் ஏறித் திரும்பிவிடுகிறார்கள். நல்லதுதான்!

ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பையை வெட்டுமுன் அதன் குழாயையும் ரத்தக் குழாயையும் இறுக்கி மூட, பெரும்பாலும் டைட்டானியம் உலோகத்தாலான சிறு கிளிப்புகளைப் போடுவார்கள். அவை உள்ளேயே தங்கிவிடும். அநேகம் பேருக்கு ஆயுள் முழுதும் தொல்லை கிடையாது. பயம் வேண்டாம்!

மிக அபூர்வமாக ஒரு கிளிப் நகர்ந்து பித்தக் குழாய்க்குள் புகுந்துவிடும். அதைச் சுற்றிக் கல் வளரும். இரண்டு வருஷம் கழித்தும் வரலாம். பத்து வருஷம் கழித்தும் வரலாம். வயிற்று வலி, குளிர் காய்ச்சல், கண்ணில் மஞ்சள்!

உடனே வீட்டில் என்ன நடக்கிறது? காமாலை என்று கீழாநெல்லியை அரைக்கிறார்கள். (பத்தியம் வேறு!) குழாய் அடைப்பை இலை எப்படித் திறக்கும்? ஸ்கேன் எடுக்க வேண்டும். வாய் வழியே குழாய் விட்டே பெரும்பாலும் கல்லையும் கிளிப்பையும் எடுத்துவிடலாம். தாமதித்தால் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்து.

வீட்டுக்கு அனுப்பும்போது, "உள்ளே கிளிப் இருக்கிறது" என்று ஆஸ்பத்திரிகள் சீட்டில் தமிழில் எழுதித் தர வேண்டும். ஒரு வரி போதும். இங்கிலீஷ் சீட்டு பரணுக்குப் போகிறது. கரையான்தான் அதைப் படிக்கிறது!