கோடு தெரிந்தால் மட்டும் போதுமா?

செல்லின் வெளிப்பரப்பை வந்தடையும் வளர்ச்சிச் செய்தி உட்கருவரை போய்ச்சேர, வழியெங்கும் புரதங்களின் மீது பாஸ்பேட் ஏறி இறங்க வேண்டும். கைனேஸ் நொதிகள் ஏற்றுகின்றன, பாஸ்படேஸ் நொதிகள் இறக்குகின்றன. மீளக்கூடிய இந்த மாற்றத்தைக் கண்டறிந்த எட்மண்ட் ஃபிஷருக்கும் எட்வின் கிரெப்ஸுக்கும் 1992இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதருக்கு 500க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் உண்டு. அவற்றில் சில கட்டுமீறும்போது புற்றுநோய் வளர்கிறது. பாஸ்பேட் ஏறிய புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடிகளைக் கொண்டே இந்த நிகழ்வுகளை ஆய்வாளர்கள் பெரிதும் பின்தொடர்கிறார்கள். புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட் படத்தில் தெரியும் கருங்கோடுதான் அவர்களின் சான்று. ஆனால், அந்த ஆன்டிபாடி எதைப் பற்றுகிறது என்று தனியே நிறுவாதவரை அந்தக் கோட்டைச் சான்றாக ஏற்கக் கூடாது.

காரணம் ஆன்டிபாடி செய்யவேண்டிய வேலையின் கடினத்தன்மையிலேயே இருக்கிறது. ஒரு பாஸ்பேட் ஏறினால் புரதத்தின் எடை 80 டால்டன் அளவே கூடுகிறது. புரதத்தின் எடையோ பல்லாயிரம் டால்டன். இந்தச் சிறு வேறுபாட்டோடு, அதைச் சூழ்ந்த அமினோ அமில வரிசையையும் சேர்த்தே ஆன்டிபாடி இனங்காண வேண்டும். அதே வரிசை உறவுப் புரதங்களிலும் இருந்தால் அது ஏமாந்துபோகும். செல்லை உடைத்த பிறகும் பாஸ்படேஸ்கள் ஓய்வதில்லை. தடுப்பான் சேர்க்கத் தவறினால் உண்மையான அடையாளமே அழிந்துவிடும். புரதத்தின் மொத்த அளவு கூடினாலும் கோடு தடிக்கும். அதை அளக்காமல் பாஸ்பேட் கூடியது என்று எழுதுவது பிழை. பாஸ்படேஸ் கொண்டு பாஸ்பேட்டை நீக்கிய மாதிரியில் கோடு மறைந்தால், பற்றியது பாஸ்பேட்டை என்று தெரியும். எந்தப் புரதம், எந்த இடம் என்பது அப்போதும் தெரியாது. முதலாவதற்கு அந்தப் புரதத்தின் மரபணுவை நீக்கிய செல்லும், இரண்டாவதற்குப் பாஸ்பேட் ஏறும் செரின் அமினோ அமிலத்தை அலனினாக மாற்றிய புரதமும் வேண்டும்.

இது மிகையான எச்சரிக்கை அல்ல. 65 புரதங்களுக்கான 614 வணிக ஆன்டிபாடிகளைச் சோதித்த ஆய்வு 2023இல் வெளியானது. தம் இலக்கையே இனங்காணாத ஆன்டிபாடிகள் அவற்றில் பல இருந்தன. அவற்றை நம்பி எழுதிய கட்டுரைகளும் இருந்தன. புரதத்தையே தவறவிடும் கருவிகள் இத்தனை என்றால், அதன் மீதுள்ள ஒற்றைப் பாஸ்பேட்டைத் தேடும்போது கவனம் பன்மடங்காக வேண்டாமா?

விற்கும் நிறுவனமே சோதித்துத் தருகிறதே என்பார்கள். அது சோதித்த செல் வேறு, நம் திசு வேறு. பிளாட்டில் தேறியது திசுத் துண்டில் தோற்கலாம். மூலக்கூறுகளின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி இருக்கையில் ஆன்டிபாடி எதற்கு என்றும் கேட்கிறார்கள். பாஸ்பேட் ஏறிய இடத்தை அது நேரடியாகக் காட்டும் என்பது உண்மை. ஆனால், திசுவின் எந்தச் செல்லில், செல்லின் எந்தப் பகுதியில் என்பதைப் படமாகக் காட்ட இன்றும் ஆன்டிபாடிதான் எளிய வழி. சிறிய ஆய்வகங்களுக்குச் செலவு கட்டுப்படியாகாது என்ற கவலை நியாயமானது. எனினும் பாஸ்படேஸ் சோதனை விலையுயர்ந்த கருவி எதையும் கேட்பதில்லை. தவறான கோட்டை நம்பி ஆண்டுக்கணக்கில் உழைப்பதுதான் பெருஞ்செலவு.

பாஸ்பேட் ஏறிய டௌ புரதத்தை ரத்தத்தில் அளந்து அல்சைமர் நோயை அறிய உதவும் பரிசோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. அதிலும் இலக்கைப் பற்றுவது ஆன்டிபாடிதான். ஆய்வகக் கருவி நோயாளியின் வாழ்வைத் தொடும் காலம் வந்துவிட்டது. ஆகவே, இந்தச் சரிபார்ப்புப் படங்கள் இல்லாத கட்டுரைகளை ஆய்விதழ்கள் திருப்பி அனுப்ப வேண்டும். நிதி வழங்கும் அமைப்புகள் இச்சோதனைகளுக்கெனத் தனித்தொகை ஒதுக்க வேண்டும்.