கணினியிலும் ஹலாலைப் பேணுவோம்



உணவு விஷயத்தில் நம் குடும்பங்கள் பெரும்பாலும் கவனமாகவே இருக்கின்றன. இறைச்சிக் கடையில் அறுத்தவர் யார் என்று விசாரிக்கிறோம். பிஸ்கட் உறையைத் திருப்பி அதில் என்னென்ன சேர்ந்துள்ளன என்று படித்துப் பார்க்கிறோம். வங்கிக் கணக்கில் சேரும் வட்டியைத் தனியே ஒதுக்கி வைப்போரும் நம்மில் பலர். ஆனால் அதே வீட்டில் மேசைமீது இருக்கும் கணினியில் ஓடுகின்ற விண்டோஸும், எம்.எஸ். ஆபீஸும், ஃபோட்டோஷாப்பும் எங்கிருந்து வந்தன, அவற்றுக்கு எவரேனும் விலை கொடுத்தாரா என்று கேட்பவர் மிகச் சிலரே. கணினியை அசெம்பிள் செய்து தந்த கடைக்காரர் எல்லாவற்றையும் ஏற்றித் தந்துவிட்டார் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

வீடுகள் மட்டும் இப்படி இல்லை. சந்தா கணக்கும் நிக்காஹ் பதிவேடும் ஏறுகின்ற ஜமாஅத் அலுவலகக் கணினியிலும், மத்ரஸா ஆண்டுவிழா அழைப்பிதழ் உருவாகும் கணினியிலும், பயான் காணொளிகளைத் தொகுக்கும் இளைஞர்களின் மடிக்கணினியிலும் பூட்டு உடைக்கப்பட்ட மென்பொருள்கள் சர்வசாதாரணமாக இருக்கின்றன. இதற்கு நாம் நீண்ட காலமாகச் சொல்லி வரும் காரணம், "விலை அதிகம், வேறு வழியில்லை" என்பதுதான். இன்றைய நிலையில் அந்தக் காரணம் செல்லாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. கட்டற்ற மென்பொருள் என்னும் வழி பல ஆண்டுகளாகத் திறந்தே இருக்கிறது.

மார்க்கத்தின் பார்வையில்

ஒரு மென்பொருளை நகலெடுத்தால் உரியவரிடமிருந்து எந்தப் பொருளும் குறைந்துவிடுவதில்லையே, அது எப்படித் திருட்டாகும் என்று சிலர் கேட்பதுண்டு. இக்கேள்வியை அறிஞர்கள் முன்பே ஆராய்ந்துள்ளனர். ஜித்தாவில் இயங்கும் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, 1988 டிசம்பரில் குவைத்தில் நடந்த தன் 5-ஆவது அமர்வில், ஆக்கியோன் உரிமை, கண்டுபிடிப்பு உரிமை, வணிகப் பெயர் போன்றவை பொருளாதார மதிப்புள்ள உரிமைகள் என்றும், ஷரீஅத்தின் பாதுகாப்பு அவற்றுக்கு உண்டு என்றும், அவற்றில் அத்துமீறல் கூடாது என்றும் தீர்மானித்தது. இதில் மாற்றுக் கருத்துடைய ஆலிம்களும் உள்ளனர். ஆயினும் ஒரு மென்பொருளை நிறுவும்போது அதன் நிபந்தனைகளை ஏற்பதாகச் சொடுக்குகிறோம். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு சூரத்துல் மாயிதாவின் முதல் வசனமே நமக்குக் கட்டளையிடுகிறது. ஹலாலுக்கும் ஹராமுக்கும் இடைப்பட்ட சந்தேகத்துக்குரியவற்றை விட்டு விலகுபவர் தம் மார்க்கத்தைப் பாதுகாத்துக்கொள்கிறார் என்பதும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததே.

நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்பது ஃபிக்ஹு விதி. அந்த நிர்ப்பந்தத்தின் அளவுக்கு மட்டுமே அனுமதி உண்டு என்பதும், மாற்று வழி கிடைத்ததும் அனுமதி முடிந்துவிடும் என்பதும் அந்த விதியோடு சேர்ந்தவை. கடிதம் தட்டச்சிடவும், கணக்குப் போடவும், இணையம் பார்க்கவும் ஹலாலான மென்பொருள் கையெட்டும் தூரத்தில் இருக்க, எதை நிர்ப்பந்தம் என்று சொல்வது?

நாட்டின் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் அதற்குத் தண்டனை. வணிக ஆதாயம் இல்லாத இடத்தில் நீதிமன்றம் இதைக் குறைக்கலாம். வடிவமைப்பு நிலையமும் ஜெராக்ஸ் கடையும் நடத்தும் நம் சகோதரர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். அவர்களின் வருமானமே இந்த மென்பொருள்களிலிருந்துதான் வருகிறது.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

1983 செப்டம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்க நிரலாளர் 'குனு' என்ற திட்டத்தை அறிவித்தார். மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு நான்கு உரிமைகள் வேண்டும் என்பது அவர் கொள்கை. எந்த நோக்கத்துக்கும் அதை இயக்கலாம். அது எப்படி வேலை செய்கிறது என்று திறந்து பார்த்து மாற்றலாம். நகலெடுத்துப் பிறருக்குத் தரலாம். திருத்திய வடிவத்தையும் பகிரலாம். 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருவும் குனுவின் கருவிகளும் இணைந்து முழுமையான இயங்குதளம் உருவானது. நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைபேசியின் அடித்தளமும் லினக்ஸ்தான். விலையில்லாமல் கிடைக்கும் மென்பொருள் எல்லாம் கட்டற்றதாகிவிடாது. இந்த நான்கு உரிமைகளும் இருந்தால்தான் அது கட்டற்றது.

இதில் நம் மரபுக்கு நெருக்கமான ஓர் அம்சத்தைக் காண்கிறேன். கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, மூலத்தை நிறுத்தி வைத்து அதன் பயனைத் தர்மமாக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அந்த நிலத்தை விற்க முடியாது, அன்பளிப்பாக்க முடியாது, வாரிசுரிமையாகவும் பெற முடியாது. வக்ஃபின் அடிப்படை இதுவே. 1989-இல் வெளியான ஜி.பி.எல். என்னும் உரிமத்தின் நிபந்தனையும் இதைப் போன்றதே. இவ்வுரிமத்தின் கீழ் கிடைத்த நிரலை ஒருவர் திருத்தி வெளியிட்டால், தமக்குக் கிடைத்த அதே உரிமைகளை அடுத்தவருக்கும் தந்தாக வேண்டும். பொதுவில் விடப்பட்டதை எவரும் தனியுடைமையாக அடைத்துக்கொள்ள இயலாது. ஸ்டால்மன் இதை நம் மார்க்கத்திலிருந்து எடுக்கவில்லை. இரண்டும் ஃபிக்ஹின்படி ஒன்று என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் வக்ஃபை அறிந்த ஒரு சமுதாயத்துக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது.

மற்றொரு நிகழ்வு மதீனாவின் ரூமா கிணற்றை நினைவூட்டுகிறது. விலைக்கு விற்கப்பட்ட அந்தத் தண்ணீரை, உஸ்மான் (ரலி) அவர்கள் கிணற்றைத் தம் செல்வத்தால் வாங்கி அனைவருக்கும் பொதுவாக்கினார்கள். 2002-இல் பிளெண்டர் என்னும் முப்பரிமாணச் சித்திர மென்பொருளை வைத்திருந்த நிறுவனம் நொடித்தது. 1,00,000 யூரோ கிடைத்தால் நிரலைப் பொதுவில் விடலாம் என்று முதலீட்டாளர்கள் இசைந்தனர். உலகெங்கும் உள்ள பயனர்கள் ஏழே வாரங்களில் அத்தொகையைத் திரட்டித் தந்தனர். அவ்வாறு மீட்கப்பட்ட அதே பிளெண்டரில் உருவான 'ஃப்ளோ' என்ற லாட்வியத் திரைப்படம் 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்றது. கூடிக் கொடுத்தால் கிணறு பொதுவாகும் என்பதற்கு இது ஒரு சான்று.

வீண்விரயமும் இதில் அடங்கும்

2015-இல் வந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துக்கொண்டது. வீட்டுப் பயனர்களுக்கு ஓராண்டுப் பாதுகாப்பு நீட்டிப்பு ஒன்றையும் அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், அது டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாட்டையும், ஏறத்தாழ 2017-இன் பிற்பகுதிக்குப் பின் வந்த பிராசசரையும் கேட்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஏராளமான கணினிகள் இதனால் "பழையவை" ஆகிவிட்டன.

அவற்றைத் தூக்கி எறிந்து புதியதை வாங்க வேண்டும் என்ற எண்ணம் விளம்பரங்களால் வருவது. வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று சூரா பனீ இஸ்ராயீல் எச்சரிப்பதை நாம் திருமண விருந்துகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் நினைவுகூர்கிறோம். லினக்ஸ் மின்ட் என்னும் இயங்குதளம் 4 ஜி.பி. நினைவகமும் 20 ஜி.பி. இடமும் உள்ள கணினியில் இயல்பாக இயங்கும். பத்தாண்டு பழைய மடிக்கணினி ஒன்று, மத்ரஸா மாணவருக்கோ தையல் வகுப்பு நடத்தும் சகோதரிக்கோ இன்னும் பல ஆண்டுகள் பயன்படும்.

அமானத்தான நம் தகவல்கள்

2020 நவம்பரில் வந்த ஒரு செய்தியைப் பலர் மறந்திருக்கலாம். கோடிக்கணக்கான முஸ்லிம்கள் தொழுகை நேரமும் கிப்லாவும் அறியப் பயன்படுத்திய முஸ்லிம் ப்ரோ செயலியிலிருந்து அவர்களின் இருப்பிடத் தகவல் எக்ஸ்-மோட் என்ற தரவு வணிக நிறுவனத்துக்குச் சென்றதை அமெரிக்காவின் மதர்போர்ட் இதழ் வெளிக்கொணர்ந்தது. அமெரிக்க இராணுவத்தின் ஒப்பந்ததாரர்களும் அந்நிறுவனத்திடம் தகவல் வாங்கியவர்களில் அடங்குவர். செய்தி வெளியானதும் செயலியினர் அத்தொடர்பைத் துண்டிப்பதாக அறிவித்தனர். 2024 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம், அந்தரங்கமான இருப்பிடத் தகவல்களை விற்கக்கூடாது என்று எக்ஸ்-மோடின் வழிவந்த நிறுவனத்துக்குத் தடை விதித்தது.

தொழுகை நேரத்தைக் கணக்கிட ஊரின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் போதும். நாம் எந்தப் பள்ளிவாசலில், எத்தனை மணிக்கு நின்றோம் என்பது எவருக்கும் தேவையில்லை. நிரல் மூடியிருக்கும் செயலியில் இதை நாம் அறிய வழியில்லை. நிரல் திறந்திருந்தால் நாம் படிக்காவிட்டாலும் தெரிந்தவர் ஒருவர் படித்துப் பார்த்து எச்சரிக்க முடியும். 'குர்ஆன் ஃபார் ஆண்ட்ராய்டு' அத்தகைய திறந்த நிரல் செயலி. சரிபார்க்கப்பட்ட குர்ஆன் மூலத்தை யூனிகோடில் தருவதற்காக 2007-இல் தொடங்கிய தன்சீல் திட்டம், மூலத்தை மாற்றக்கூடாது என்ற நிபந்தனையோடு அதை அனைவருக்கும் வழங்குகிறது. காலித் ஹுஸ்னி வடிவமைத்த அமீரி எழுத்துரு, கெய்ரோவின் பூலாக் அச்சகத்து நஸ்கு எழுத்தழகைக் கட்டற்ற உரிமத்தில் தருகிறது. பயன்தரும் கல்வியும் நிலையான தர்மமும் மரணத்துக்குப் பின்னும் நன்மை சேர்க்கும் என்பது நாம் அறிந்த ஹதீஸ். இத்தகைய பணிகளைச் செய்வோர் அந்த நன்மையை அடையட்டும் என்று துஆ செய்வோம்.

சிரமங்களும் உண்டு

கட்டற்ற மென்பொருள் எல்லாருக்கும் எல்லா வேலைக்கும் உடனே பொருந்தும் என்று சொன்னால் அது உண்மையாகாது. டேலி, ஃபோட்டோஷாப் ஆகியவை லினக்ஸில் நேரடியாக இயங்குவதில்லை. சில பழைய அச்சுப்பொறிகளும் ஸ்கேனர்களும் தொல்லை தரும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் சேமித்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருக்கும். டேலி இன்றித் தொழில் நடத்த இயலாதவர் விலை கொடுத்து வாங்கட்டும். கடைக்கு வாடகையும் மின்கட்டணமும் தருவதைப் போல இதுவும் தொழிலின் செலவே. எந்த மென்பொருளானாலும் உரியதைக் கொடுத்துப் பயன்படுத்துவதில் குறையொன்றுமில்லை.

பிள்ளைகள் பள்ளியில் விண்டோஸ்தானே படிக்கிறார்கள் என்ற கவலையும் சிலருக்கு உண்டு. தமிழ்நாட்டு 11-ஆம் வகுப்புக் கணினிப் பாடநூல்களில் விண்டோஸுடன் உபுண்டுவும், ஓபன் ஆபீஸும் இடம்பெற்றுள்ளன. அண்டை மாநிலமான கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகக் கட்டற்ற இயங்குதளமே நடைமுறையில் உள்ளது.

எங்கிருந்து தொடங்கலாம்?

ஒரே நாளில் அனைத்தையும் மாற்ற வேண்டியதில்லை. முதலில் இருக்கும் விண்டோஸிலேயே லிப்ரே ஆபீஸையும் ஃபயர்ஃபாக்ஸையும் வி.எல்.சி.யையும் நிறுவிப் பழகுங்கள். திருட்டு எம்.எஸ். ஆபீஸை நீக்கிவிடுங்கள். பூட்டுடைக்கும் 'கிராக்' நிரல்கள் பல, வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டு நிறுவச் சொல்பவை. அவற்றின் வழியே கணினிக்குள் என்ன நுழைந்தது என்று நமக்குத் தெரியாது.

கை பழகிய பின், முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்து வையுங்கள். லினக்ஸ் மின்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, எதையும் நிறுவாமலே இயக்கிப் பாருங்கள். அச்சுப்பொறியும் வைஃபையும் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகு நிறுவலாம். தமிழ்99 விசைப்பலகையையும் அதில் அமைத்துக்கொள்ளலாம். படங்களுக்கு கிம்ப்பும், அழைப்பிதழுக்கு இங்க்ஸ்கேப்பும், பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸும் உள்ளன. சிறு பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரி நல்ல துணை. தமிழில் கற்க விரும்புவோருக்குக் கணியம் இதழ் எளிய நடையில் கட்டுரைகளை வெளியிடுகிறது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிவாசல் அலுவலகமும் மத்ரஸாவும் இதில் முன்மாதிரியாக வேண்டும். மக்கள் தந்த சந்தாவில் வாங்கிய கணினியில், பைத்துல்மால் கணக்கு திருட்டு நகலில் எழுதப்படுவது பொருத்தமாக இல்லை. கணினி தெரிந்த நான்கு இளைஞர்களை அழைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மஹல்லாவாசிகளின் பழைய கணினிகளைக் கொண்டுவரச் சொன்னால், மாலைக்குள் பல வீடுகளின் பிரச்சினை தீரும். பயன்படுத்திப் பலன் பெற்றவர்கள் இயன்றால் அத்திட்டங்களுக்கு நன்கொடையும் அளிக்கலாம். பொருள் இல்லாதவர் பிழையைக் கண்டால் தெரிவிக்கலாம், மொழிபெயர்ப்பில் உதவலாம்.

உண்பதிலும் உடுப்பதிலும் பேணும் ஹலாலை, அன்றாடம் பல மணி நேரம் பயன்படுத்தும் கணினியிலும் கைபேசியிலும் பேணுகிற மன உறுதியை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக! ஆமீன்.