வீட்டைப் பாதியில் விட்டால்...

தோட்டத்தில் வாழ்ந்த நம் தாத்தா பாட்டிக்கு வாடகை ஒப்பந்தம் தேவைப்படவில்லை. வேலை இருந்தால் லயத்தில் வீடு இருந்தது. வேலை போனால் வீடும் போனது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்ட பிறகு, ஒரு மாதம் முன்னதாகச் சொல்லிவிட்டு வேலையை விட்டுப் போகலாம் என்று சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் கங்காணியிடமும் கடையிலும் பாக்கி வைத்திருந்தவரால் அப்படிச் சொல்ல முடிந்ததா என்பது வேறு கதை. 1950களின் பிற்பகுதியில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நிலைமை தலைகீழானது. கிளம்பச் சொன்னது முதலாளி. வேலையும் கூரையும் ஒரே நாளில் பறிபோயின. அந்த வேதனைதான் 1960இல், நம் சுங்கை சிப்புட் தந்த துன் வீ.தி. சம்பந்தனைத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்க வைத்தது. தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டங்களை வாங்கினார்கள்.

அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஈப்போவில் பெர்ச்சாம், மேரு ராயா, குனோங் ராப்பாட் என்று அடுக்குமாடி வீடுகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். கிராணியின் பேரேட்டுக்குப் பதிலாக, பத்துப் பன்னிரண்டு பக்கத்தில் ஆங்கிலப் பத்திரம் ஒன்று இருக்கிறது. சாவி கைக்கு வரும் அவசரத்தில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். 'பாதியில் கிளம்பினால் என்ன ஆகும்' என்ற விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. வழக்கறிஞர் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாக வாடகைப் பத்திரங்களோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில், இந்த வாரம் அந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

18,000 வெள்ளி பயம்

சில மாதங்களுக்கு முன்பு ஓர் இளம் தம்பதி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். தம்பி தொழிற்சாலையில் டெக்னீஷியன், கூலிமுக்கு மாற்றலாகிவிட்டது. தங்கச்சி ஆறு மாதக் கர்ப்பிணி. இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் ஒன்பது மாதம்தான் முடிந்திருந்தது. வாடகை 1,200 வெள்ளி. வைப்புத்தொகையாக இரண்டு மாத வாடகை 2,400 வெள்ளியும், தண்ணீர் மின்சாரத்துக்கு 600 வெள்ளியும் கொடுத்திருந்தார்கள்.

பத்திரத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இதுதான்: 'வாடகைதாரர் தவணை முடியும் முன் வீட்டைக் காலி செய்தால் வைப்புத்தொகை பறிமுதலாகும், மீதமுள்ள மாதங்களின் வாடகை முழுவதையும் கட்ட வேண்டும்.' மீதம் பதினைந்து மாதம். பதினைந்தை 1,200ஆல் பெருக்கினால் 18,000 வெள்ளி. "அண்ணே, குழந்தைக்கு வைத்திருக்கும் காசெல்லாம் போய்விடுமா?" என்று கேட்டார் அந்தத் தங்கச்சி.

பதில் சொல்லும் முன் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். குடியிருப்பு வாடகைக்கு என்று தனிச் சட்டம் கொண்டுவருவது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. இதை எழுதும்வரை அது நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே 'ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் போதும், அதுதான் சட்டம்' என்று காப்பிக்கடையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காலம் குறிப்பிட்ட ஒப்பந்தத்தை நடுவில் முறிக்கும் உரிமை, பத்திரத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. எழுதவில்லை என்றால் நீங்கள் கிளம்புவது ஒப்பந்த மீறல். அதற்கு என்ன விலை என்பதை 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் முடிவு செய்யும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்தச் சட்டத்தின் 75ஆவது பிரிவு முக்கியமானது. மீறினால் இவ்வளவு என்று பத்திரத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும், பாதிக்கப்பட்டவருக்குக் கிடைப்பது நியாயமான இழப்பீடுதான். எழுதிய தொகை உச்ச வரம்பு. அதற்கு மேல் போக முடியாது, குறையலாம்.

இந்தப் பிரிவைப் படிக்கும் சட்ட மாணவர் எல்லாரும் இரண்டு தமிழ்ப் பெயர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். செல்வகுமார் எதிர் தியாகராஜா என்ற வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. ஒரு மருத்துவர் தம் கிளினிக்கை இன்னொரு மருத்துவருக்கு விற்ற விவகாரம் அது. தொகை கேட்பவர் தமக்கு உண்மையிலேயே நேர்ந்த இழப்பை நிரூபிக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அதுவே வழிகாட்டி.

2018இன் இறுதியில் கியூபிக் எலக்ட்ரானிக்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம் பாதையைச் சற்று மாற்றியது. இழப்பை நிரூபிப்பது எல்லா வழக்கிலும் கட்டாயமில்லை. ஒப்பந்தம் மீறப்பட்டது, தொகை எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டினால் போதும். அந்தத் தொகை நியாயமற்றது என்று காட்டும் பொறுப்பு மீறியவர் தலையில் விழும். சுருக்கமாகச் சொன்னால், முன்பு 'உன் நட்டத்தைக் காட்டு' என்று வீட்டுக்காரரைக் கேட்டோம். இப்போது 'இது அதிகம்' என்று வாடகைதாரர் காட்ட வேண்டும். எழுதிய எழுத்துக்கு வலிமை கூடியிருக்கிறது. கையெழுத்துக்கு முன்பே படிக்க வேண்டும் என்று நான் நச்சரிப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனாலும் நியாயம் என்ற அளவுகோல் போய்விடவில்லை. 74ஆவது பிரிவின் விளக்கம் இன்னொரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: நட்டத்தைக் கணக்கிடும்போது, அதைக் குறைத்துக்கொள்ள என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டைப் பதினைந்து மாதம் பூட்டிப் போட்டுவிட்டு, வாடகை முழுவதையும் கேட்பது எளிதல்ல. வேறு ஆள் தேட நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

அந்தத் தம்பதிக்கு ஒரு தாளில் இப்படி எழுதிக் காட்டினேன். புதிய ஆள் வர இரண்டு மாதம் ஆகிறது என்று வையுங்கள்: 2,400 வெள்ளி. புதியவர் 1,150 வெள்ளிக்குத்தான் வருகிறார்: மாதம் 50 வீதம் மீதிப் பதின்மூன்று மாதத்துக்கு 650 வெள்ளி. ஏஜெண்டு கட்டணம் ஒரு மாத வாடகை என்றால் 1,200 வெள்ளி. மொத்தம் 4,250 வெள்ளி. கையில் இருக்கும் வைப்புத்தொகை 2,400ஐக் கழித்தால் மீதி 1,850 வெள்ளி. நீதிமன்றம் இப்படியே தீர்க்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் பேச்சுவார்த்தைக்கு உட்கார 18,000 சரியான இடமல்ல என்பது புரிந்துவிடும்.

வீட்டுக்காரரின் பக்கமும் இருக்கிறது. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கிய வீடு. வங்கிக் கடன் இன்னும் ஓடுகிறது. வாடகை வரவில்லை என்றால் தவணையைப் பென்ஷனிலிருந்து கட்ட வேண்டும். நம்மிடையே இப்போது ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் குடும்பங்களும் கணிசமாக உண்டு. அவர்களுக்கு 'பாதியில் ஓடிப்போகும் வாடகைதாரர்' என்பவர் உண்மையான பயம்.

இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தோம். தம்பதி இரண்டு மாத அவகாசம் கொடுத்து அதுவரை வாடகை கட்டினார்கள். பெரிய மருத்துவமனையில் வேலை செய்யும் தாதியர் இருவரைத் தாங்களே தேடிப் பிடித்து அறிமுகப்படுத்தினார்கள். வீட்டுக்காரர் ஒரு மாத வைப்புத்தொகையை எடுத்துக்கொண்டு மறு மாதத்தைத் திருப்பினார். 'இருவருக்கும் இனி ஒருவர்மேல் ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு பக்கக் கடிதம், இருவரும் கையெழுத்து. அந்தக் கடைசிக் கடிதத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். வாய்ப்பேச்சில் முடித்த சமாதானம் மூன்று மாதம் கழித்து வழக்கறிஞர் கடிதமாகத் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கையெழுத்துக்கு முன் நான்கு கேள்விகள்

ஒன்று: நடுவில் முறிக்கும் உரிமை இருக்கிறதா, யாருக்கு? சில பத்திரங்களில் அது வீட்டுக்காரருக்கு மட்டும் இருக்கும். இருவருக்கும் வேண்டும் என்று கேளுங்கள்.

இரண்டு: எப்போதிலிருந்து? முதல் பன்னிரண்டு மாதம் கட்டாயம், அதன் பிறகு விடலாம் என்பது வழக்கமான ஏற்பாடு. வேலை மாற்றலுக்கு இடம்தரும் விதியை 'டிப்ளோமேட்டிக் கிளாஸ்' என்பார்கள். வெளிநாட்டவருக்காக வந்த பெயர் அது. ஈப்போவிலிருந்து பினாங்குக்கோ ஜொகூருக்கோ மாற்றலாகக்கூடிய நம் பிள்ளைகளும் கேட்கலாம். மாற்றல் கடிதத்தைக் காட்டினால் போதும் என்று எழுதி வாங்குங்கள்.

மூன்று: எத்தனை மாத நோட்டீஸ், எந்த வழியில்? இரண்டு மாதம் என்பது பெரும்பாலும் காணப்படுவது. பத்திரம் பதிவுத் தபால் என்று சொன்னால், வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழுந்ததை மட்டும் நம்பி இருக்காதீர்கள். இரண்டையும் செய்யுங்கள்.

நான்கு: என்ன விலை? 'மீதமுள்ள வாடகை முழுவதும்' என்று இருந்தால், 'வைப்புத்தொகை மட்டும்' அல்லது 'இரண்டு மாத வாடகை மட்டும்' என்று மாற்றச் சொல்லுங்கள். சாவி வாங்கும் முன் கேட்டால் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் இறங்கி வருவார்கள்.

நண்பர்கள் மூவர் சேர்ந்து ஒரே பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறீர்களா? 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' பொறுப்பு என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், ஒருவர் பாதியில் போனாலும் முழு வாடகையையும் மீதி இருவரிடம், ஏன், ஒருவரிடமே கேட்கலாம்.

செய்யக்கூடாதவை

வாடகைதாரர்களே, 'கடைசி இரண்டு மாதத்தை வைப்புத்தொகையில் கழித்துக்கொள்ளுங்கள்' என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அது சேதத்துக்கும் பாக்கிக்கும் ஈடு, வாடகை அல்ல. பாக்கி நின்றால், 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்ற ஆணை பெற்று வீட்டில் உள்ள உங்கள் பொருள்களைக் கைப்பற்ற வீட்டுக்காரருக்கு வழி உண்டு. தவணை முடிந்த பிறகும் காலி செய்யாமல் இருந்தால் இரட்டிப்பு வாடகை கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

வீட்டுக்காரர்களே, கோபத்தில் பூட்டை மாற்றாதீர்கள். தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிக்காதீர்கள். நீதிமன்றத்தின் வழியாக அன்றி வாடகைதாரரை வெளியேற்றக்கூடாது என்று 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 7ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், பூட்டை மாற்றிய நாளில் அது கைமாறிவிடும்.

வீட்டை நடுவில் விற்றுவிட்டால் என்ன ஆகும் என்றும் கேட்கிறார்கள். மூன்று ஆண்டுக்கு உட்பட்ட வாடகையைப் பதிய வேண்டியதில்லை. ஆனால் நிலப்பட்டாவில் குறிப்பு எழுதப்படாவிட்டால், வாங்குகிறவரை அது கட்டுப்படுத்தாது. 'விற்றால், வாங்குகிறவர் இந்த வாடகையை ஏற்றுக்கொள்ளும்படி விற்பேன்' என்று பத்திரத்தில் ஒரு வரி கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக முத்திரை. கையெழுத்திட்ட முப்பது நாளுக்குள் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டுங்கள். முத்திரையில்லாத பத்திரத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. பிறகு கட்டினால் அபராதமும் சேரும். தொகை சிறியது என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே சிறுகோரிக்கை வழக்குப் போடலாம். வசதியில்லாதவர்கள் ஈப்போவில் உள்ள வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை நாடலாம்.

இன்றிரவு அலமாரியைத் திறந்து உங்கள் வாடகைப் பத்திரத்தை எடுங்கள். முறிவு விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடி, பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். இல்லை என்றால், அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது வாடகைக் குறைப்பை அல்ல, அந்த ஒரு விதியை.