‘அதெல்லாம் நர்ஸ் வேலையா?’

நர்சிங் வகுப்பில் நோயாளியின் தன்மதிப்பு, மனநிலை, தாம்பத்யம் பற்றிய பாடத்தைத் தொட்டால் பின் பெஞ்சில் சிரிப்பு கிளம்பும். வார்டில் இருக்கும் மூத்தவர்கள் சிரிப்பதில்லை, முகத்துக்கு நேராகவே கேட்பார்கள்: “ஊசி, டிரெஸ்ஸிங், ரெஜிஸ்டர், இதற்கே நேரம் போதவில்லை. அடுத்தவர் படுக்கையறை விவகாரம் நமக்கு எதற்கு?” இதற்கு அவர்கள் அடுக்கும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், ஒன்றைத் தவிர எதுவும் நிற்காது.

‘உயிர் பிழைத்ததே பெரிது’ என்பது முதல் காரணம். மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பும் ஐம்பது வயதுக்காரரை எடுத்துக்கொள்வோம். உப்பைக் குறைக்கணும், பீடியை விடணும், மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று டிஸ்சார்ஜ் அன்று எல்லாம் சொல்கிறோம். மனைவியோடு சேர்ந்திருக்கலாமா என்பதை மட்டும் நாமும் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை. ‘ஏதாவது ஆகிவிட்டால்?’ என்ற பயத்தில் மனைவி பாயை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் பக்கம் போய்விடுவார். தான் எதற்கும் லாயக்கில்லாதவனாகிவிட்டதாக இவர் நினைத்துக்கொள்வார். அதோடு போனால் பரவாயில்லை. மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரையை வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்து உயிரே போகலாம். சில்டெனாஃபில் போட்டால் 24 மணி நேரத்துக்கும், அதே வகை டடாலாஃபில் போட்டால் 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் கூடாது. இதை அவரிடம் யார் சொன்னார்கள்? உயிர்தான் முக்கியம் என்பவர்கள்தான் இந்தப் பேச்சை முதலில் எடுக்க வேண்டும்.

சொல்ல வேண்டியதும் அப்படியொன்றும் பெரிய ரகசியமில்லை. சிக்கலில்லாத மாரடைப்பு, லேசான அல்லது மிதமான உழைப்பில் நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ இல்லை என்றால், ஒரு வாரத்துக்குப் பிறகு தாம்பத்யத்துக்குத் தடையில்லை என்று அமெரிக்க இதயச் சங்கம் 2012-லேயே அறிக்கை வெளியிட்டது. இரண்டு மாடி விறுவிறுவென்று ஏற முடிகிறதா என்பதுதான் மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கைக்கணக்கு.

‘வயசான காலத்தில் அதெல்லாம் எதற்கு?’ என்பது அடுத்தது. 2007-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 57 முதல் 85 வயது வரையுள்ள 3,005 அமெரிக்கர்களிடம் கேட்டார்கள். 57–64 வயதில் 73 சதவீதம் பேருக்கும், 75-ஐத் தாண்டியவர்களில் 26 சதவீதம் பேருக்கும் உடலுறவு வாழ்க்கை இருந்தது. அமெரிக்கா வேறு, அரியலூர் வேறு என்பீர்கள். சரி, அதே ஆய்வின் இன்னொரு கணக்கையும் பாருங்கள்: ஐம்பது வயதுக்குப் பிறகு இதைப் பற்றி மருத்துவரிடம் பேசியிருந்தவர்கள் ஆண்களில் 38 சதவீதம், பெண்களில் 22 சதவீதம் மட்டுமே. வாய் திறக்கத் தயங்குவதில் அவர்களும் நம்மவர்களும் பங்காளிகள்தான். ‘நம்ம பண்பாடு’ என்ற காரணமும் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

‘கேட்டால் சங்கடப்படுவார்கள்’ என்கிறார்கள். பெட்பேன் வைத்து, கதீட்டர் போட்டு, உடம்பு துடைத்துவிடும் நர்ஸுக்கும் நோயாளிக்கும் நடுவே இனி என்ன சங்கடம் மிச்சம்? குடல் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, வயிற்றில் ஸ்டோமாவோடு (மலம் பைக்குள் வெளியேற வைக்கும் துளை) படுத்திருப்பவர், முதல் தடவை பை மாற்றும்போது தன் வயிற்றைப் பார்ப்பதில்லை. நர்ஸின் முகத்தைத்தான் பார்க்கிறார். அங்கே மூக்கு ஒரு நொடி சுளித்தால் போதும், இனி மனைவியும் இப்படித்தான் சுளிப்பாள் என்று மனசுக்குள் எழுதிக்கொள்வார். மார்பகம் நீக்கப்பட்டவரும் அப்படித்தான். டிரெஸ்ஸிங் பிரிக்கும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். “இப்பவே பார்க்கணும்னு இல்லைம்மா. பார்க்கத் தோணும்போது சொல்லுங்க, நான் பக்கத்துல இருக்கேன்” என்று சொல்ல எத்தனை நிமிடம் ஆகும்?

ஜாக் அன்னன் என்ற உளவியலாளர் 1976-இல் இதற்கு நான்கு படிகள் வகுத்துக் கொடுத்தார். முதல் படி, பேசலாம் என்ற அனுமதியைத் தருவது. அடுத்து, தேவையான தகவலை அளவாகச் சொல்வது. மூன்றாவது, அவரவர் நிலைமைக்கேற்ற யோசனை. தீவிர சிகிச்சை கடைசிப் படி, அது நிபுணருக்குரியது. “இந்த ஆபரேஷன் ஆன நிறையப் பேருக்குக் கணவன் மனைவி உறவு பத்திச் சந்தேகம் வரும். உங்களுக்கு இருந்தாலும் கேளுங்க ஐயா.” இதுதான் முதல் படி. பையை முன்கூட்டியே காலி செய்துகொள்ளுங்கள், மேலே ஒரு துணிப்பட்டை கட்டிக்கொள்ளலாம் என்பதெல்லாம் அடுத்த படிகள். இடுப்புப் பகுதி நரம்பு பாதிக்கப்பட்டு விறைப்பே வரவில்லை என்றால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டியதுதான்.

‘கவுன்சிலர் பார்த்துக்கொள்வார்’ என்பதற்குப் பெரிய பதில் தேவையில்லை. இரவு இரண்டு மணிக்கு அந்த நோயாளி விழித்துக்கொண்டு அழும்போது வார்டில் இருப்பவர் யார்?

நிற்கிற காரணம் என்றேனே, அது இது: “இப்படிப் பேச்சுக் கொடுத்தால் சில ஆண்கள் அதையே சாக்காக்கிக் கையைப் பிடிப்பார்கள், சிஸ்டர் நம்பர் கேட்பார்கள்.” உண்மை. நைட் டியூட்டி பார்த்த எந்தப் பெண்ணும் இதை மறுக்க மாட்டார். ஆனால் இதற்குப் பதில் சொல்ல வேண்டியது நர்ஸ் அல்ல, நிர்வாகம். ஆண் நோயாளியோடு பேச ஆண் நர்ஸ், தம்பதியை ஒன்றாக உட்காரவைத்துப் பேச கதவுள்ள ஓர் அறை, எல்லை மீறினால் எழுந்து போகும் உரிமை, எழுதிக் கொடுக்கும் புகாரைக் கிழித்துப் போடாத மேட்ரன்: இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். இவை கிடைக்காத வார்டில் ஒரு நர்ஸ் இந்தப் பேச்சை எடுக்கத் தயங்கினால், அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.