இணை என்னும் சொல்லுக்காக

ஒருபோதும் சந்திக்காத கோடுகளுக்கு ‘இணைகோடுகள்’ என்று பெயரிட்டதை முரண் எனக் கருதுவோர் இலக்கிய வாசகரிடையே உண்டு. பிரிந்த காதலரைத் தண்டவாளமாக்கும் கவிதைகள் இந்த முரணை நம்பியே பிழைக்கின்றன. ஈழத்துப் பாடநூல்கள் ஆளும் ‘சமாந்தரக் கோடுகள்’ என்பதே பொருத்தம் என்பாரும் உளர். நமக்கு இதில் உடன்பாடில்லை. இணை என்பதற்குச் சேர்க்கை மட்டுமா பொருள்? ‘இணையற்ற’ என்னும்போது ஒப்பு என்றல்லவா கொள்கிறோம்? கணிதம் கேட்பதும் அந்த ஒப்பைத்தான்.

பள்ளிக்கணக்கு ஒன்றையே பார்ப்போம். 3எக்ஸ் + 4ஒய் = 12 என்ற கோட்டுக்கு இணையாக, (2, 5) என்ற புள்ளி வழியே செல்லும் கோட்டின் சமன்பாடு வேண்டும். இடப்பக்கத்தை அப்படியே வைத்து எக்ஸுக்கு 2, ஒய்க்கு 5 இடுகிறோம்; 6 + 20 = 26. ஆகவே 3எக்ஸ் + 4ஒய் = 26. முடிந்தது. மாணவர் இரண்டே வரியில் மதிப்பெண் பெற்றுவிடுவார். இடப்பக்கத்தை ஏன் தொடவில்லை என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. ‘அப்படித்தான் போடவேண்டும்’ என்றே கற்றிருப்பார். நம் வருத்தம் இங்கேதான்.

கோட்டின் சாய்வு 3, 4 என்ற கெழுக்களின் விகிதத்தில் இருக்கிறது: 4 அலகு வலப்புறம் நகர்ந்தால் 3 அலகு இறக்கம். வலப்பக்க எண் சாய்வை அறியாது. கோடு எங்கே நிற்கிறது என்பதை மட்டுமே சொல்லும். சாய்வு ஒப்பாகி இடம் வேறாவதே இணை. சந்திக்காமை அதன் விளைவு. ஒரே கூட்டுத்தொகை ஒரே புள்ளியில் 12 ஆகவும் 26 ஆகவும் இருக்க இயலாதே!

இன்னொன்றும் உண்டு. 26ஐத் தவிர வேறெந்த எண்ணும் வர வழியில்லை. அதாவது, அப்புள்ளி வழியே இணைகோடு ஒன்றே ஒன்றுதான். யூக்ளிடின் ஐந்தாம் எடுகோள் இந்த எளிய கணக்கினுள் ஓசையின்றி அமர்ந்திருக்கிறது. அதைப் பிற எடுகோள்களிலிருந்து நிறுவப் பல நூற்றாண்டுகள் முயன்று தோற்றார்கள். 1829இல் லோபசெவ்ஸ்கியும் 1832இல் போல்யாயும் அதை மறுத்தே வேறொரு வடிவியலை வெளியிட்டனர். அங்கே ஒரு புள்ளி வழியே செல்லும் சந்திக்காக் கோடுகள் எண்ணற்றவை. அவற்றின் இடைத்தூரமும் சமமாக நிற்பதில்லை. ‘சம அந்தரம்’ அங்கே செல்லாது. ‘இணை’க்கும் அங்கே சங்கடம்தான், மறுக்கவில்லை. ஆனால் நம் பள்ளிக் கரும்பலகையின் தளத்தில், சாய்வின் ஒப்பைச் சொல்லும் பெயர் என்பதால், நம் வாக்கு இணைகோட்டுக்கே. தண்டவாளக் கவிஞர்கள் பொறுத்தருள்க.