வீட்டுக்காரர் இல்லாத வீடு

போன வாரம் காலை நடையில் நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். மகன் செலவில் மொரீஷியஸ் போய் வந்திருக்கிறார், ஐந்து இரவு, ஆறு பகல். கைபேசியில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார். நீச்சல் குளம், நீச்சல் குளத்தில் அவர், தட்டில் இட்லி, மறுபடியும் நீச்சல் குளம்.

"இது எந்த ஊர் சார்?" என்று கேட்டேன்.

"ரிசார்ட் சார்."

ஊர் பெயரைக் கேட்டால் ரிசார்ட் என்கிறார்! நான் சண்டைக்காரன் அல்ல (வீட்டில் வேறு மாதிரி சொல்வார்கள்). ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடிவதில்லை. கடல் தாண்டி ஒரு தீவுக்குப் போகிறோம். அந்தத் தீவுக்காரர் ஒருவர் வீட்டு வாசற்படியைக்கூட மிதிக்காமல் திரும்பி வருகிறோம். இட்லி நம் மெயின் பஜாரிலேயே கிடைக்கிறதே?

நெய்வேலியில் இருந்து இருந்து நமக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. கெஸ்ட் ஹவுஸ் என்றால் பதிவேட்டில் கையெழுத்து, சாவி, அறைக்கு டீ. அது யாருடைய வீடு என்ற கேள்வியே நமக்கு எழாது. நானும் அப்படித்தான் இருந்தேன், 2014 வரை.

அந்த வருடம் நானும் என் மனைவியும் ரெயூனியோன் தீவுக்குப் போனோம். என் சித்தப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், புதுச்சேரி பாஷையில் சொல்தா. 1962 ஆகஸ்டு 16-க்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். சித்தப்பா எழுதிக் கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. அதனால் சித்தப்பா மகன் ரெயூனியோனில் உத்தியோகம் பார்த்தான், நான் புதுச்சேரி அரசாங்கத்தில் கோப்பு புரட்டினேன். அவன்தான் கூப்பிட்டான்.

முதல் இரண்டு நாள் கடற்கரையில் ஒரு பெரிய ஓட்டல். குறை சொல்ல ஒன்றுமில்லை, சொல்வதற்கும் ஒன்றுமில்லை. சைவம் சாப்பிடும் என் மனைவி ரொட்டியும் பழமுமாக ஓட்டினாள். மூன்றாம் நாள் தம்பி எங்களை சலாசி மலைப்பக்கம் எல்-பூர் என்ற கிராமத்துக்குக் கொண்டுபோய் ஒரு வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். தகரக் கூரை, கூரை விளிம்பில் பூவேலைப்பாடு, முன்னால் திண்ணை மாதிரி ஒரு தாழ்வாரம். வராங்க் என்பார்கள். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா. மூன்றே அறை.

இதற்கு அங்கே ஷாம்பர் தோத் என்று பெயர். பிரெஞ்சுச் சட்டம் இதற்கு ஓர் எல்லை போட்டிருக்கிறது. ஐந்து அறைக்கு மேல் கூடாது, பதினைந்து பேருக்கு மேல் கூடாது, காலை உணவு கட்டணத்திலேயே சேர்த்தி, விருந்தாளியை வீட்டுக்காரரே வரவேற்க வேண்டும், மேரியில் முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். இரவுச் சாப்பாடும் உண்டென்றால் அது தாபிள் தோத். மெனு கார்டு கிடையாது, வீட்டில் என்ன சமையலோ அதுதான், வீட்டாரின் மேசையிலேயே. நாற்பது வருடம் விதிகளோடு குடும்பம் நடத்தியவன் சொல்கிறேன், இவ்வளவு நல்ல விதியை நான் அதிகம் பார்த்ததில்லை.

இரவு ஏழரைக்கு எல்லோரும் ஒரே மேசை. சோறு, அவரைப் பருப்பு, காரமாக ஒரு தொகையல். அதற்கு ருகாய் என்று பெயர். நம் ஊறுகாய்தான் அப்படி ஆனது என்று அங்குள்ளவர்களே சொல்கிறார்கள். ஒரு கீரை வந்தது. என் மனைவி வாயில் வைத்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முருங்கை! அவர்கள் ப்ரேத் முருங் என்கிறார்கள். அந்தச் சலாசிப் பக்கமெங்கும் கொடி படர்ந்து கிடப்பது ஷுஷு, அதாவது நம் சௌசௌ. மறுநாள் காலை இரண்டு பெண்களும் சமையலறையில் நின்று சௌசௌவில் கூட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவிக்கு பிரெஞ்சு தெரியாது. அந்த அம்மாவின் கிரெயோலோ, பள்ளியில் பாரீஸ் பிரெஞ்சு மட்டும் படித்த எனக்கே பாதிதான் புரிந்தது. அவர்கள் இருவருக்கும் நான் தேவைப்படவில்லை.

கரும்பு வெட்ட நம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர்களின் பேரன் பேத்திகள் அந்தத் தீவில் நிறைய. மல்பார் என்பார்கள். அவர்களைப் பற்றி அந்த மேசையில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஓட்டலில் யாரிடம் கேட்பது, வரவேற்பு மேசையிலா?

பணத்தையும் பார்ப்போம். எல்லாம் சேர்த்து பாக்கேஜ் என்றால், விமானம் ஏறுமுன்பே காசு ஏஜென்டிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்த ஊர்ச் சந்தையில் ஒரு கட்டுக் கீரைகூட உங்களால் விற்காது. மாலத்தீவில் வெகு காலம் ஆள் இல்லாத தீவில்தான் ரிசார்ட், ஊர் இருக்கும் தீவில் பயணி தங்கக் கூடாது என்றே வைத்திருந்தார்கள். 2010 வாக்கில்தான் சாதாரண ஜனங்கள் தங்கள் ஊரில் கெஸ்ட் ஹவுஸ் திறக்க முடிந்தது. பூட்டி வைத்திருந்த கதவைத் திறந்துவிட்டார்கள். நம் ஆட்கள் இன்னும் சுவருக்கு அந்தப் பக்கமே போய்க்கொண்டிருக்கிறார்கள்.

"நம்மூரில் இதெல்லாம் ஏது சார்?" என்றார் நண்பர். ஏன் இல்லை? ராமேஸ்வரமும் தீவுதானே. பாம்பனுக்கு ரோடு பாலம் வந்தது 1988-ல். அதற்கு வெகு காலம் முன்பு, நான் சிறுவனாக இருந்தபோது, அப்பா ரயிலில் கூட்டிப் போனார். கோயில் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் மூன்று நாள். கிணற்றடியில் குளியல், கூடத்தில் பாய், வீட்டுப் பாட்டி கையால் கஞ்சி. இரண்டு வருடம் முன்பு மகன் அதே ஊரில் "ஹோம்ஸ்டே" என்று ஒன்றைப் பதிவு செய்தான். கதவில் நம்பர் பூட்டு. நம்பர் கைபேசிக்கு வந்தது. உள்ளே ஏசி, டிவி எல்லாம் இருந்தது. மூன்று நாளும் ஒரு மனிதர் முகம் பார்க்கவில்லை. ஹோமும் இல்லை, யாரும் ஸ்டேயும் இல்லை! மத்திய சுற்றுலாத் துறையின் வீட்டுத் தங்கல் திட்டத்திலும் ஆறு அறைக்கு மேல் கூடாது, உரிமையாளர் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. காகிதத்தில் நாமும் பிரெஞ்சுக்காரனுக்குச் சளைத்தவர்கள் அல்ல.

இதில் பாதிக் குற்றம் நம்முடையதுதான். இருபத்துநாலு மணி நேரமும் சுடுதண்ணீர், இருபது அயிட்டம் டிபன், நடு இரவில் காபி. எந்தப் பாட்டியால் முடியும்? முடியாத பாட்டி வீட்டைக் கைமாற்றிவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விடுகிறாள். ஐந்து நட்சத்திர ஓட்டலில் பேசாமல் அட்டையைத் தேய்க்கிறவர்கள், அவளிடம் மட்டும் இருநூறு ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேரம் பேசுகிறார்கள். முழங்கால் வலிக்காரர்கள் மாடிப்படி எத்தனை, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா என்று கேட்பதில் தப்பில்லை, நானும் கேட்கிறேன். அதற்கு மேல் கேட்பதெல்லாம் வீட்டை ஓட்டலாக்கும் வேலை.

என் மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. தம்பி சொல்லித்தான் எல்-பூர் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. பிரெஞ்சில் நாலு வரி எழுதி, கூடவே அவள் சொல்லிக்கொடுத்த சௌசௌ கூட்டு இன்னும் செய்வதாகவும் எழுதியிருந்தார்.

தைக்குள் ராமேஸ்வரம் போக வேண்டும். புதுப் பாலத்தில் ரயிலும் மறுபடி ஓடுகிறது. மகன் வழக்கம்போல் ஆப்பைத் திறந்தான். "ஃபோன் பண்ணி, வீட்டுக்காரர் அங்கேயே இருக்கிறாரா, சாப்பாடு யார் சமைப்பார்கள், இந்த இரண்டை மட்டும் கேளுடா" என்றேன். முதல் இரண்டு இடத்தில் கேள்வியே புரியவில்லை. மூன்றாவதில் ஒரு வயதான குரல். "நான்தாம்பா சமைப்பேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல கதவு திறக்க மாட்டேன், முன்னாடியே சொல்லிட்டேன்."

டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டேன்.